பூமி ஏன் சூடாகிறது? பசுமைக்குடில் விளைவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெயில் உள்ளே வருகிறது, வெப்பம் மாட்டிக்கொள்கிறது. பசுமைக்குடில் விளைவை ஒரே வரியில் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் “எங்கே மாட்டிக்கொள்கிறது, எப்படி?” என்று அடுத்த கேள்வி கேட்டால் அந்த வரி கைகொடுக்காது. இங்கே உள்ளவை பெரும்பாலும் அந்த அடுத்த கேள்விகள்தான்.

சுருக்கமாகச் சொன்னால், பசுமைக்குடில் விளைவு என்பது என்ன?

சூரிய ஒளியில் பெரும்பகுதி காற்றைக் கடந்து வந்து நிலத்தையும் கடலையும் சூடாக்குகிறது. சூடான நிலமும் கடலும் அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக மேலே அனுப்புகின்றன. காற்றில் இருக்கும் நீராவி, கரியமில வாயு, மீத்தேன் போன்ற சில வாயுக்கள் அவற்றை வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. அதனால் தரையிலிருந்து கிளம்பும் கதிர்களில் சிறு பங்குதான் நேராக விண்வெளிக்குப் போகிறது. மிச்ச வெப்பம் கடைசியாக வெளியேறுவது, பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் குளிர்ந்த காற்றிலிருந்து. குளிர்ந்த பொருள் குறைவான வெப்பத்தையே வெளிவிடும். வந்த அளவு வெப்பம் வெளியே போயாக வேண்டுமென்றால் கீழே இருப்பவை எல்லாம் கூடுதல் சூட்டில் இருந்தாக வேண்டும். அந்தக் கூடுதல் சூடுதான் இந்த விளைவு.

அது எவ்வளவு என்று கணக்குப் போட முடியுமா?

முடியும், கணக்கும் பெரிதில்லை. சூரியனை நோக்கி நேராகப் பிடித்த ஒரு சதுர மீட்டர் பரப்பில், வளிமண்டலத்துக்கு வெளியே, சுமார் 1,361 வாட் ஆற்றல் விழுகிறது. பூமி உருண்டை, அதில் பாதி எப்போதும் இருட்டில். மொத்தப் பரப்புக்கும் பரப்பிப் பார்த்தால் நாலில் ஒரு பங்கு, அதாவது சதுர மீட்டருக்கு 340 வாட். மேகமும் பனியும் மணலும் சேர்ந்து சுமார் 30 சதவீதத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிடுகின்றன. மிஞ்சுவது 240 வாட்.

பூமியும் இதே 240 வாட்டை விண்வெளிக்குத் திருப்பிக் கொடுத்தால்தான் கணக்கு நேராகும். ஒரு பொருள் எந்த வெப்பநிலையில் இருந்தால் சதுர மீட்டருக்கு 240 வாட்டை வெளிவிடும் என்று ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மன் விதியைக் கேட்டால், மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் என்று விடை வரும். உண்மையில் பூமியின் தரைமட்டச் சராசரி வெப்பநிலை சுமார் 15 டிகிரி. இடையில் இருக்கும் 33 டிகிரியும் பசுமைக்குடில் விளைவு கொடுத்தது. இந்த 33 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடியும் வரும்.

அப்படியானால் அது நல்லதுதானே?

நல்லதுதான். அது இல்லாவிட்டால் கடல்கள் உறைந்து கிடக்கும். இப்போது நடக்கும் பேச்சு அது இருக்கலாமா கூடாதா என்பதைப் பற்றியது அல்ல. நாம் அதைக் கூட்டிக்கொண்டே போவதைப் பற்றியது.

உள்ளே வரும்போது தடுக்காத வாயு, வெளியே போகும்போது மட்டும் ஏன் தடுக்கிறது?

வாயுவுக்கு உள்ளே, வெளியே என்ற திசை எல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது அலைநீளம் மட்டும். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி சூட்டில் இருக்கிறது; அதன் ஒளியின் உச்சம் அரை மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்துக்கு அருகில், நம் கண்ணுக்குத் தெரியும் பகுதியில் விழுகிறது. பூமியோ சராசரியாக 15 டிகிரிதான். அது வெளிவிடும் கதிர்களின் உச்சம் 10 மைக்ரானுக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 20 மடங்கு நீளமான அலையில் வருகிறது. இரண்டு நிறமாலைகளும் ஒன்றையொன்று தொடுவதே அபூர்வம். கரியமில வாயு வலுவாகப் பிடிப்பது 15 மைக்ரான் பகுதியில். அந்த இடத்தில் சூரியனிடமிருந்து வருவது மிகக் குறைவு, பூமியிடமிருந்து போவது மிக அதிகம். வித்தியாசம் அவ்வளவுதான்.

காற்றில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும்தானே, அவை ஏன் சும்மா இருக்கின்றன?

மூலக்கூறு எப்படி ஆடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அகச்சிவப்புக் கதிரைப் பிடிக்க வேண்டுமென்றால், மூலக்கூறு அதிரும்போது அதன் மின்னேற்றம் ஒரு பக்கம் சாய வேண்டும். நைட்ரஜன் மூலக்கூறில் இருப்பவை ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள். இழுத்தாலும் சுருக்கினாலும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். மின்னேற்றம் எந்தப் பக்கமும் சாய வழியில்லை. ஆக்சிஜனும் அப்படியே. கதிர் அவற்றைக் கண்டுகொள்ளாமல் கடந்து போய்விடுகிறது.

கரியமில வாயுவில் மூன்று அணுக்கள். நடுவில் கார்பன், இரு பக்கமும் ஆக்சிஜன், ஒரே நேர்கோட்டில். அந்தக் கோடு வில் போல வளைந்து நிமிரும்போது நடுவில் இருக்கும் கார்பன் ஒரு பக்கமும் ஆக்சிஜன்கள் மறுபக்கமும் விலகுகின்றன, மின்னேற்றம் சாய்கிறது. அந்த வளைவின் அதிர்வெண் சரியாக 15 மைக்ரான் அலைக்குப் பொருந்துகிறது. தண்ணீர் மூலக்கூறு இயல்பிலேயே வளைந்தது, அதனால் அது இன்னும் பல அலைநீளங்களில் வேலை காட்டும். மீத்தேனில் ஐந்து அணுக்கள், ஆடுவதற்கும் பல வழிகள்.

பத்தாயிரத்தில் நாலு பங்கு வாயு என்ன செய்துவிட முடியும்?

கரியமில வாயுவின் அளவு காற்றில் 0.04 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அந்த எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். மீதி 99 சதவீதம் இந்த ஆட்டத்திலேயே இல்லை என்று மேலே பார்த்தோம். கேட்க வேண்டியது எத்தனை சதவீதம் என்பதை அல்ல, கதிர் போகும் வழியில் மொத்தம் எவ்வளவு வாயு நிற்கிறது என்பதை.

உங்கள் தலைக்கு மேலே இருக்கும் காற்று முழுவதையும் கடல்மட்ட அழுத்தத்துக்கு அழுத்தினால் சுமார் 8 கிலோமீட்டர் உயரம் வரும். அதில் கரியமில வாயுவை மட்டும் தனியே பிரித்து அடுக்கினால் மூன்று மீட்டருக்கு மேல் ஒரு படலம் நிற்கும். தொழிற்புரட்சிக்கு முன் அது இரண்டே கால் மீட்டர் இருந்திருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று: ஓசோனை இதே மாதிரி அடுக்கினால் வெறும் 3 மில்லிமீட்டர்தான். அந்த 3 மில்லிமீட்டர்தான் சூரியனின் கொடிய புற ஊதாக் கதிர்களை நம் மேல் விழாமல் தடுக்கிறது.

வாயு பிடித்த வெப்பத்தைக் கீழே திருப்பி அனுப்புகிறதா?

பாடப்புத்தகப் படங்களில் தரையிலிருந்து கிளம்பி, ஒரு வாயுப் படலத்தில் முட்டி, பந்து மாதிரி திரும்பி வரும் ஓர் அம்புக்குறி இருக்கும். அந்த அம்புக்குறி மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அப்படி முட்டித் திரும்புவது எதுவும் அங்கே நடப்பதில்லை.

நடப்பது இது. தரைக்குப் பக்கத்தில் 15 மைக்ரான் கதிர் ஒன்று கிளம்பினால், சில மீட்டருக்குள்ளேயே ஏதாவது ஒரு கரியமில வாயு மூலக்கூறு அதைப் பிடித்துவிடும். பிடித்த மூலக்கூறு அதிர ஆரம்பிக்கும். அதைக் கதிராகத் திரும்ப வெளிவிட வேண்டுமானால் சராசரியாக அரை விநாடியாவது ஆகும். ஆனால் கடல்மட்டக் காற்றில் ஒரு மூலக்கூறு விநாடிக்குப் பல நூறு கோடி முறை அக்கம்பக்கத்து மூலக்கூறுகளோடு மோதுகிறது. அரை விநாடி எங்கே காத்திருப்பது? பிடித்த ஆற்றல் மோதலில் நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் கைமாறிவிடும். அதாவது காற்று மொத்தமும் சூடாகிறது.

மோதல் மறுபக்கமும் வேலை செய்கிறது. சூடான காற்றில் மோதல்களால் கரியமில வாயு மூலக்கூறுகள் அதிர்ந்துகொண்டே இருக்கும். அவற்றில் சில, கதிரை வெளிவிடும். எந்தத் திசையிலும் போகலாம். எவ்வளவு வெளிவிடும் என்பதைத் தீர்மானிப்பது அந்த இடத்துக் காற்றின் வெப்பநிலை. அடுத்த பதிலுக்கு இந்தக் கடைசி வாக்கியம்தான் சாவி.

சரி, அப்புறம் தரை எப்படிச் சூடாகிறது?

மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறைகிறது, கதிரைப் பிடிக்க ஆளும் குறைகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் கதிர் கிளம்பினால் யாரிடமும் மாட்டாமல் விண்வெளிக்குப் போய்விடலாம். அந்த உயரம் அலைநீளத்துக்கு அலைநீளம் மாறும். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் சுமார் 5 கிலோமீட்டர். விண்வெளியிலிருந்து பார்த்தால் பூமியின் ‘வெப்பம் வெளியேறும் மட்டம்’ அதுதான், தரை அல்ல. அங்கே வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி. 240 வாட் வெளிவிடத் தேவைப்படும் அதே மைனஸ் 18.

அடிவளிமண்டலத்தில் ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஐந்து கிலோமீட்டர் இறங்கி வாருங்கள்: ஐந்தாறரை முப்பத்திரண்டரை. முன்பு சொன்ன 33 டிகிரி வந்துவிட்டது.

இப்போது காற்றில் கரியமில வாயுவைக் கூட்டுங்கள். கதிர் தப்பிக்கும் மட்டம் இன்னும் கொஞ்சம் மேலே நகரும். மேலே என்றால் இன்னும் குளிர். குளிர் என்றால் வெளியேறும் வெப்பம் குறைவு. சூரியன் 240 வாட் கொடுத்துக்கொண்டே இருக்க, வெளியே போவது 240க்குக் கீழே இறங்கிவிடுகிறது. மிச்சம் உள்ளே தங்கும். கடல், நிலம், காற்று எல்லாம் சூடேறும். அந்தப் புதிய, உயரமான மட்டமும் மைனஸ் 18ஐத் தொட்டு மறுபடி 240 வாட் வெளிவிடும் வரை சூடு ஏறிக்கொண்டே போகும். கரியமில வாயு இரட்டிப்பானால் இந்த மட்டம் சுமார் 150 மீட்டர் உயரும். கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்ற கணக்கில் தரையில் சுமார் 1 டிகிரி. பிற விளைவுகள் எதையும் சேர்க்காத வெறும் கணக்கு இது.

இதைக் கண்ணால் பார்த்த மாதிரியே காட்டும் ஓர் அளவீடு உண்டு. 1970இல் ஏவப்பட்ட நிம்பஸ் 4 செயற்கைக்கோள் சஹாரா பாலைவனத்தின் மேலே பறந்தபோது வெளியேறும் கதிர்களை அலைநீளம் வாரியாகப் பதிவு செய்தது. வாயுக்கள் எதுவும் பிடிக்காத 10–12 மைக்ரான் பகுதியில் கொதிக்கும் மணல் தெரிந்தது, ஏறத்தாழ 47 டிகிரி. அதே இடத்தில், அதே நேரத்தில், 15 மைக்ரான் பகுதியில் தெரிந்தது மைனஸ் 53 டிகிரி. அந்த அலைநீளத்தில் செயற்கைக்கோளின் கண்ணுக்குச் சஹாராவே கிடையாது. அதற்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் உறைந்து கிடக்கும் காற்று மட்டும்தான். 1997இல் எடுத்த இதே மாதிரிப் பதிவை 1970ஆம் ஆண்டுப் பதிவோடு ஒப்பிட்டு 2001இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கரியமில வாயுவும் மீத்தேனும் பிடிக்கும் பகுதிகளில் வெளியேறும் கதிர் குறைந்திருந்தது.

15 மைக்ரான் கதிர் ஏற்கெனவே முழுசாகப் பிடிபட்டுவிட்டதே, இன்னும் வாயு சேர்ந்தால் என்ன?

நல்ல கேள்வி, பழைய கேள்வியும்கூட. 1900இல் சுவீடன் இயற்பியலாளர் க்னுட் ஆங்ஸ்ட்ராம் இதைத்தான் கேட்டார். குழாயில் கரியமில வாயுவை அடைத்துச் சோதித்தபோது, அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் கதிரைப் பிடிப்பதில் பெரிய மாற்றம் தெரியவில்லை. பல ஆண்டுகள் அறிவியலாளர்கள் பலர் இந்த வாதத்தை நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கோளாறு எங்கே என்றால், அந்தச் சோதனை தரையில் நடப்பதைத்தான் காட்டுகிறது. தரையிலிருந்து கிளம்பும் கதிர் பிடிபடுகிறதா என்பது இங்கே முக்கியமே இல்லை. அது எப்போதோ பிடிபட்டாயிற்று. கடைசியாக எந்த உயரத்திலிருந்து தப்பிக்கிறது என்பதுதான் முக்கியம். காற்று மெலிந்த உயரத்தில் வாயு கூடக் கூட அந்த மட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். தவிர, 15 மைக்ரான் பட்டையின் நடுப்பகுதி நிறைந்துவிட்டாலும் ஓரங்கள் நிறையவில்லை. வாயு கூடும்போது பட்டை அகலமாகிறது.

ஆனால் ஆங்ஸ்ட்ராம் சொன்னதில் ஒரு துளி உண்மை உண்டு. விளைவு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. கரியமில வாயு காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்கிலிருந்து 560க்குப் போனாலும், 560இலிருந்து 1,120க்குப் போனாலும் கிடைக்கும் கூடுதல் ஏறத்தாழ ஒன்றுதான்: சதுர மீட்டருக்கு 4 வாட்டை ஒட்டி.

குளிர்ந்த காற்று, சூடான தரையை எப்படிச் சூடாக்கும்? இது இயற்பியல் விதிக்கே விரோதமில்லையா?

போர்வை உடம்பை விடக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. போர்த்திக்கொண்டால் சூடாக இல்லையா? போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளியேறும் வேகத்தைக் குறைக்கிறது. அந்த அளவுக்கு இந்த உவமை சரி. உள்ளே நடக்கும் வேலை வேறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

எண்களைப் பார்த்தால் சந்தேகம் போய்விடும். தரை மேல்நோக்கி அனுப்புவது சதுர மீட்டருக்குச் சுமார் 400 வாட். வளிமண்டலம் கீழ்நோக்கி அனுப்புவது சுமார் 340 வாட். கூட்டிக் கழித்தால் வெப்பம் தரையிலிருந்து மேலேதான் போகிறது, சூடானதிலிருந்து குளிர்ந்ததற்கு. வெப்பஇயக்கவியலின் இரண்டாம் விதிக்கு எந்தக் குறையும் வரவில்லை.

கீழே வரும் அந்தக் கதிரை நாமே அளந்து பார்க்க முடியுமா?

முடியும். தொடாமல் வெப்பநிலை பார்க்கும், துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று போதும். காய்ச்சல் பார்ப்பதற்கென்றே செய்த கருவி உதவாது. மைனஸ் 40, 50 வரை காட்டும் பொதுப் பயன்பாட்டுக் கருவி வேண்டும். மேகமில்லாத இரவில், தலைக்கு நேர் மேலே வானத்தைக் குறிவைத்து அழுத்துங்கள். சுற்றியிருக்கும் காற்று வெதுவெதுப்பாக இருந்தாலும் கருவி பூஜ்யத்துக்கு எவ்வளவோ கீழே ஓர் எண்ணைக் காட்டும். அப்படியே ஒரு மேகம் வந்து நிற்கும்வரை காத்திருந்து மறுபடி அழுத்துங்கள். எண் சட்டென்று ஏறிவிடும். இரவு புழுக்கமாக இருந்தால் மேகம் இல்லாமலேயே எண் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அது நீராவியின் வேலை. கருவி மூக்கை மெல்ல அடிவானம் நோக்கிச் சாய்த்தால் எண் ஏறிக்கொண்டே வரும், ஏனென்றால் சாய்வாகப் பார்க்கும்போது அதிகக் காற்றைக் கடந்து பார்க்கிறீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கருவிகள் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரான் வரைதான் பார்க்கும். வாயுக்கள் அதிகம் பிடிக்காத, திறந்த ஜன்னல் பகுதி அது. அதனால்தான் தெளிந்த வானம் அவ்வளவு குளிராகத் தெரிகிறது. 15 மைக்ரானைப் பார்க்கும் கருவி இருந்தால், பக்கத்துக் காற்றின் வெப்பநிலையைத்தான் காட்டும். பகலில் செய்வதானால் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள்.

கண்ணாடி வேய்ந்த உண்மையான பசுமைக்குடிலும் இப்படித்தான் சூடாகிறதா?

பெரும்பாலும் இல்லை. அங்கே சூடான காற்று மேலேறித் தப்பிக்க வழியில்லாமல் கண்ணாடி தடுக்கிறது. அதுதான் முதன்மைக் காரணம். கூரையில் ஒரு பலகணியைத் திறந்துவிட்டால் போதும், குளிர்ந்துவிடும். வளிமண்டலத்துக்கு அப்படிக் கூரை கிடையாது.

இதை எல்லாம் முதலில் கண்டுபிடித்தது யார்?

பூமி எதிர்பார்த்ததை விடச் சூடாக இருக்கிறது, காரணம் வளிமண்டலமாக இருக்கலாம் என்று 1824இல் எழுதியவர் பிரெஞ்சுக் கணித மேதை ஜோசஃப் ஃபூரியே. 1856இல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண், கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து, வெப்பமானி வைத்து, வெயிலில் காய வைத்தார். கரியமில வாயு இருந்த உருளை மற்றவற்றை விட அதிகம் சூடானது, ஆறவும் நேரம் எடுத்தது. காற்றில் இந்த வாயு கூடியிருந்த காலத்தில் பூமி இன்னும் சூடாக இருந்திருக்கும் என்று அப்போதே எழுதினார். அவர் கட்டுரையை மாநாட்டில் வேறொருவர்தான் வாசித்தார். பிறகு நூறாண்டுக்கும் மேல் அவர் பெயர் மறந்தே போயிற்று. அவர் சோதனையில் சூரிய ஒளியையும் அகச்சிவப்பையும் பிரித்துப் பார்க்க வழியில்லை என்பது உண்மைதான். அதை 1859இல் ஜான் டிண்டால் செய்தார். அகச்சிவப்பை மட்டும் நீண்ட குழாய் வழியே செலுத்தி, நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதைத் தொடுவதில்லை, நீராவியும் கரியமில வாயுவும் பிடிக்கின்றன என்று காட்டினார்.

அப்புறம் 1896. கணிப்பொறி இல்லாத காலத்தில் சுவீடனின் ஸ்வாந்தே அர்ரேனியஸ் கையாலேயே கணக்குப் போட்டு, கரியமில வாயு இரட்டிப்பானால் 5–6 டிகிரி சூடேறும் என்றார். இன்றைய மதிப்பீட்டை விட அதிகம்தான், ஆனால் 130 ஆண்டுகளுக்கு முந்தைய கைக்கணக்கு என்று நினைத்தால் ஆச்சரியமான நெருக்கம். குளிர்நாட்டுக்காரரான அவருக்கு அந்தச் சூடு ஒரு வரமாகத்தான் பட்டது.

நீராவிதான் பெரிய பசுமைக்குடில் வாயு என்கிறார்களே, கரியமில வாயு மேல் ஏன் பழி?

இன்றைய விளைவில் ஏறத்தாழ பாதி நீராவியினுடையது, கால் பங்கு மேகங்களினுடையது, கரியமில வாயுவின் பங்கு சுமார் 20 சதவீதம். ஆனால் நீராவி தானாக முடிவெடுப்பதில்லை. காற்று எவ்வளவு சூடோ அவ்வளவுதான் அது நீராவியைத் தாங்கும். மிஞ்சினால் மழையாகக் கொட்டிவிடும். ஒரு நீர் மூலக்கூறு காற்றில் தங்குவது சராசரியாக 9 நாள் மாதிரி. கரியமில வாயு இந்தச் சூட்டில் மழையாகக் கொட்டாது. அது கூடினால் காற்று சூடாகும்; ஒரு டிகிரிக்குச் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைக் காற்று தாங்கும்; அந்த நீராவி இன்னும் சூடேற்றும். ஆரம்பித்து வைப்பது கரியமில வாயு, பெருக்குவது நீராவி.

மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு எல்லாம் எவ்வளவு முக்கியம்?

மீத்தேன் அளவில் மிகக் குறைவு: பத்து லட்சத்தில் 1.9 பங்கு. தொழிற்புரட்சிக்கு முன் 0.7 இருந்தது. எடைக்கு எடை, 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 80 மடங்கு வலிமை. 100 ஆண்டுக் கணக்கில் 28–30 மடங்கு. ஏன் இரண்டு எண் என்றால், மீத்தேன் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் காற்றிலேயே சிதைந்துவிடும். நைட்ரஸ் ஆக்சைடு நூறாண்டுக்கு மேல் நிற்கும். அதன் வலிமை சுமார் 270 மடங்கு.

காற்றில் கூடியிருக்கும் கரியமில வாயு மனிதர்கள் விட்டதுதான் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கையெழுத்து இருக்கிறது. நிலக்கரியும் பெட்ரோலியமும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தவை. அவற்றில் இருந்த கார்பன்-14 (காலப்போக்கில் தானாகச் சிதையும் ஒரு வகைக் கார்பன்) முழுவதும் சிதைந்து போயிருக்கும். சற்றுக் கனமான கார்பன்-13ஐத் தாவரங்கள் குறைவாகவே எடுத்துக்கொள்ளும்; தாவரங்களிலிருந்து வந்தவை என்பதால் இவற்றில் அதுவும் குறைவு. காற்றில் இந்த இரண்டின் விகிதமும் குறைந்து வருகிறது. எரிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜனும் அதற்கு ஏற்றபடி இம்மியளவு குறைந்து வருகிறது. எரிமலைகள் ஆண்டுக்கு விடும் கரியமில வாயு மனிதர்கள் விடுவதில் ஒரு சதவீதத்துக்கும் கீழே.

சார்லஸ் கீலிங் 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்க ஆரம்பித்தபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு இருந்தது. 2024இல் அது 420க்கு மேல் இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் 280. அண்டார்க்டிகப் பனியில் அடைபட்ட காற்றுக் குமிழிகளைப் பார்த்தால், கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் 180க்கும் 300க்கும் இடையிலேயே அது ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மனிதர்கள் விட்டதில் பாதியைக் கடலும் காடும் மண்ணும் வாங்கிக்கொண்ட பிறகும் இந்த நிலை.

சூரியன்தான் சூடாகிறதோ என்னவோ?

1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரியனை நேராக அளந்து வருகின்றன. 11 ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குகிறதே தவிர, மேல்நோக்கிய போக்கு இல்லை.

அதை விட அழகான ஆதாரம் மேலே இருக்கிறது. சூரியன் சூடேற்றினால் வளிமண்டலம் அடி முதல் நுனி வரை சூடாக வேண்டும். நடப்பதோ, அடிவளிமண்டலம் சூடாகிறது, அதற்கு மேலே உள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்கிறது. அங்கே சூடு வருவது ஓசோன் புற ஊதாக் கதிரைப் பிடிப்பதால். அந்தச் சூட்டை விண்வெளிக்கு வெளியேற்றுவதுதான் கரியமில வாயுவின் வேலை. வெளியேற்ற ஆள் கூடினால் இடம் குளிரும். ஓசோன் குறைந்ததும் இந்தக் குளிர்ச்சிக்கு ஒரு காரணம்தான், ஆனால் உயரே போகப் போக முக்கியக் காரணம் கரியமில வாயு. சுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967லேயே இதைக் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள். மனாபேக்கு 2021இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. என்னைக் கேட்டால், வாதம் செய்பவரிடம் ஒரே ஓர் ஆதாரம் காட்டலாம் என்றால் இதைத்தான் காட்டுவேன்.

தொழிற்சாலை, வண்டி, ஏசி எல்லாம் கக்கும் வெப்பம் காரணமாக இருக்குமா?

நகரங்களின் உள்ளூர்ச் சூட்டுக்கு அது காரணம்தான். உலகம் முழுவதும் பரப்பினால் சதுர மீட்டருக்கு 0.04 வாட் அளவில்தான் வருகிறது. மனிதச் செயல்களால் வளிமண்டலம் மாறியதன் மொத்தச் சூடேற்றும் விளைவு சதுர மீட்டருக்கு 2.7 வாட்.

ஓசோன் ஓட்டைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள். ஓசோனைக் கெடுத்த குளோரோஃபுளோரோகார்பன்களே வலிமையான பசுமைக்குடில் வாயுக்களும் ஆகும். முக்கியமான தொடர்பு அதுதான். 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒப்பந்தம் அவற்றைக் கட்டுப்படுத்தியதில் இரண்டுக்கும் நன்மை.

வெள்ளியும் செவ்வாயும் என்ன சொல்கின்றன?

வெள்ளியின் காற்று 96 சதவீதம் கரியமில வாயு, அழுத்தம் பூமியைப் போல 90 மடங்குக்கும் மேல். தரை வெப்பநிலை சுமார் 465 டிகிரி. சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதன் வெள்ளை மேகங்கள் முக்கால் பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. சதுர மீட்டருக்கு அது எடுத்துக்கொள்ளும் சூரிய ஆற்றல் பூமி எடுத்துக்கொள்வதை விடக் குறைவு!

செவ்வாய் இன்னும் சுவாரசியம். அங்கேயும் காற்றில் 95 சதவீதம் கரியமில வாயு. ஒரு சதுர மீட்டருக்கு மேலே நிற்கும் கரியமில வாயுவின் நிறை பூமியில் இருப்பதை விட 20 மடங்குக்கு மேல். ஆனாலும் சராசரி வெப்பநிலை மைனஸ் 60ஐ ஒட்டி. பசுமைக்குடில் விளைவு சில டிகிரிதான். காரணம், அழுத்தம் மிகக் குறைவு. மோதல்கள் குறைந்தால் ஒவ்வொரு மூலக்கூறும் பிடிக்கும் அலைநீளக் கோடுகள் ஒல்லியாகிவிடும். கோடுகளுக்கு நடுவே இருக்கும் சந்துகள் வழியாக வெப்பம் தப்பிவிடும். பெருக்கிக் கொடுக்க நீராவியும் இல்லை. பூமியில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் தாமாகக் கதிரைப் பிடிக்காவிட்டாலும், மோதி மோதி இந்தக் கோடுகளைத் தடிமனாக்கி மறைமுகமாக உதவுகின்றன.

கரியமில வாயு இரட்டிப்பானால் கடைசியில் எவ்வளவு சூடேறும்?

வெறும் கணக்கில் 1 டிகிரி சொச்சம் என்று பார்த்தோம். நீராவி பெருக்குகிறது, பனி உருகி அடியிலுள்ள கருமையான கடல் ஒளியை விழுங்குகிறது, மேகங்கள் மாறுகின்றன. இவற்றைச் சேர்த்து 2021இல் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி கொடுத்த மதிப்பீடு 3 டிகிரி, பெரும்பாலும் 2.5க்கும் 4க்கும் இடையில். இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம் மேகங்கள். தாழ்ந்த வெள்ளை மேகம் ஒளியைத் திருப்பிக் குளிர்விக்கும், உயரத்துச் சிறகு மேகம் வெப்பத்தைப் பிடித்துச் சூடேற்றும். எது எவ்வளவு மாறும் என்பதுதான் சிக்கல்.

உள்ளே தங்கும் வெப்பம் எங்கே போகிறது?

கடலுக்கு. 90 சதவீதத்துக்கு மேல். நாம் பேசிக்கொள்ளும் காற்றின் சூடு மொத்தக் கணக்கில் ஓரிரு சதவீதம்தான். மிச்சம் நிலத்துக்கும் பனி உருகவும் போகிறது. கடல் மெதுவாகச் சூடாவதால்தான் முழு விளைவும் தெரியக் காலம் ஆகிறது.

நாளைக்கே கரியமில வாயு விடுவதை அடியோடு நிறுத்திவிட்டால் பூமி குளிர்ந்துவிடுமா?

உடனே குளிராது, பெரிதாக மேலும் சூடாகவும் செய்யாது. கடல் தொடர்ந்து கரியமில வாயுவை உறிஞ்சும், அதனால் காற்றில் அளவு மெல்ல இறங்கும். இன்னொரு பக்கம், இன்னும் சூடேறி முடிக்காத கடல், பாக்கிச் சூட்டை நோக்கி இழுக்கும். இந்த இரண்டும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால், வெப்பநிலை நின்ற இடத்திலேயே பல நூறாண்டுகள் நிற்கும் என்பதுதான் கணக்கு. மீத்தேனை நிறுத்தினால் சில பத்தாண்டுகளில் கொஞ்சம் இறக்கம் தெரியும். கடல்மட்டம் மட்டும் நிறுத்திய பிறகும் நூற்றாண்டுக்கணக்கில் ஏறும். ஆழ்கடல் சூடாகி விரிவதும் பெரும் பனிப்பாளங்கள் உருகுவதும் அவ்வளவு நிதானமாக நடப்பவை.